எவ்ளோ குடுக்குது?

ஆரணியில யார்கிட்ட வேணும்னாலும் போய் "புது வண்டி வாங்கலாம்னு இருக்கேன்"னு சொல்லிப் பாருங்க. என்ன கலரு, என்ன விலை, எத்தனை சி.சி.ன்னு எதுவும் கேக்க மாட்டாங்க. முதல் கேள்வி "எவ்ளோ குடுக்குது?" தான். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்னு அர்த்தம். அறுபதுன்னு சொன்னா தலையாட்டுவாங்க. நாப்பதுன்னு சொன்னா, வேலை போன மாப்பிள்ளையைப் பொண்ணு வீட்டுக்காரங்க பாக்கற மாதிரி ஒரு பார்வை :)

பெட்ரோல் வண்டி மட்டும் இருந்த காலத்துல இந்த ஒரு கேள்வி போதும். இப்ப கரண்டு வண்டியும் வந்தாச்சு. அந்தக் கடைக்குப் போயும் நம்மாளுங்க அதே கேள்வியைத்தான் கேக்கறாங்க. விக்கறவரும் சளைக்காம "ஒரு சார்ஜுக்கு நூத்திஇருபது குடுக்கும் சார்"ங்கறாரு. ரெண்டு பேருக்கும் திருப்தி. ஆனா அந்த நூத்திஇருபதை வச்சுக்கிட்டு ஒரு முடிவும் எடுக்க முடியாதுங்கறதுதான் என் கட்சி.

கேக்க வேண்டிய கேள்வி மூணு. தினமும் எவ்வளவு தூரம்? எந்த ரோடு? வீட்டுல பிளக் எங்க இருக்கு? இந்த மூணுக்கும் பதில் சொல்லிப் பாத்தா, எல்லாரும் நினைக்கறதுக்கு நேர் எதிரா ஒரு விடை வருது. கரண்டு வண்டிக்கு ஏத்த ஊர் சென்னையோ பெங்களூரோ இல்ல, ஆரணி மாதிரி ஊர்தான். ஏத்த ஆளும் விளம்பரத்துல வர்ற மாதிரி முதுகுல லேப்டாப் பை மாட்டின என்னைப் போன்ற ஆளு இல்ல. தறியில உக்காந்திருக்கற எங்க அப்பாதான்.

கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

வீட்டு நிலவரம்

அடியேன் பி.இ. முடிச்சிட்டு வேலூர்ல ஒரு சின்ன கம்பெனியில பொட்டி தட்டறவன். தினமும் ஆரணியிலேர்ந்து கண்ணமங்கலம் வழியா போகணும். போக நாப்பது, வர நாப்பது. அப்பா பட்டுத்தறி நெய்யறவர். அதோட பத்துப் பன்னெண்டு வீட்டுக்குப் பாவும் ஜரிகையும் கொண்டுபோய்க் குடுத்து, நெய்த சேலையை வாங்கிட்டு வந்து கடையில சேர்க்கறதும் அவர் வேலை. சேவூர், முள்ளிப்பட்டு, எஸ்.வி. நகரம்னு ஊரைச் சுத்தியே அவரோட ஓட்டம். எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர் வரும்.

இத்தனை நாளும் வீட்டுக்கு ஒரே ஒரு எக்ஸ்.எல். தான். நான் பஸ்ல போய்ட்டு இருந்தேன். இங்க ரயிலை நம்பிப் பிழைக்க முடியாது. "ஆரணி ரோடு"ன்னு பேரு வச்ச ஸ்டேஷனே பத்து கிலோமீட்டருக்கு மேல தள்ளி, களம்பூர்ல இருக்கு. ஸ்டேஷனுக்குப் போகவே ஒரு வண்டி வேணும் :)

இந்த வருஷம் எனக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணுன்னு ரெண்டு வண்டி பாக்க வேண்டி வந்துச்சு. தெருவுல எல்லாரும் சொன்ன யோசனை, "நீ படிச்ச புள்ள, நீ கரண்டு வண்டி எடு. பெரியவருக்கு எதுக்குப் புது வம்பு? அவருக்குப் பழையபடி ஒரு பெட்ரோல் வண்டி பாரு." நான் செஞ்சது தலைகீழ். எனக்கு 125 சி.சி. பெட்ரோல் பைக், அப்பாவுக்கு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். (கம்பெனிப் பேரு வேணாம், விளம்பரம் ஆயிடும்.)

வேலூர் ரோட்டுக் கணக்கு

முதல்ல என் கணக்கு. நாளைக்கு எண்பது கிலோமீட்டர். மாசம் இருபத்தஞ்சு நாள்னா ரெண்டாயிரம். வருஷத்துக்கு இருபத்துநாலாயிரம் கிலோமீட்டர்.

நடுத்தரமான எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்ல மூணு கிலோவாட்-அவர் பேட்டரி இருக்கும். நம்ம பாஷையில மூணு யூனிட். ஒரு யூனிட் கரண்டுல ஊருக்குள்ள சுமாரா இருபத்தேழு, முப்பது கிலோமீட்டர் போகலாம். ஆனா நெடுஞ்சாலையில அறுபது, எழுபதுன்னு போனா அவ்வளவு வராது. காரணம் காத்து. வேகம் ஒன்றரை மடங்கு ஆனா காத்தோட எதிர்ப்பு ரெண்டேகால் மடங்கு ஆகும். நாப்பதுல போறப்ப தள்ள வேண்டிய காத்துக்கும் அறுபதுல தள்ள வேண்டிய காத்துக்கும் அவ்வளவு வித்தியாசம். கம்பெனி சொல்ற தூரம் ஒரு குறிப்பிட்ட சோதனை முறைப்படி எடுத்தது. அதுல கால்வாசியைக் கழிச்சுட்டுக் கணக்குப் போடறது பாதுகாப்பு. பின்னால ஒரு ஆள், எதிர்க்காத்து, வேகம்னு சேந்தா இன்னும் கழியும்.

ஆக மூணு யூனிட் பேட்டரியில வேலூர் போய் வந்தா, கண்ணமங்கலம் தாண்டினதுலேர்ந்து கண்ணு ரோட்டுல இருக்காது, மீட்டர்ல இருக்கற சதவீதத்துலதான் இருக்கும். ஆபீஸ்ல பிளக் இருந்தா சரி. எங்க ஆபீஸ் ரெண்டாவது மாடி, வண்டி நிக்கறது ரோட்டோரம். வயரை ஜன்னல் வழியா விடச் சொல்றீங்களா?

இன்னொரு விஷயத்தை யாருமே கணக்குல சேக்கறதில்ல. வாரண்டி. நிறைய வண்டிக்கு பேட்டரி வாரண்டி மூணு வருஷம் அல்லது ஐம்பதாயிரம் கிலோமீட்டர், எது முன்னால வருதோ அது. என் ஓட்டத்துக்கு ஐம்பதாயிரம் ரெண்டு வருஷம் சொச்சத்துலயே முடிஞ்சிடும். எட்டு வருஷம் வரைக்கும் நீட்டிச்சுத் தர்றவங்களும் இருக்காங்க. அதுலயும் கிலோமீட்டர் எல்லை உண்டான்னு படிச்சுப் பாத்துக்கணும். பேட்டரிங்கறது வண்டி விலையில பெரிய பங்கு. வாரண்டி முடிஞ்ச அடுத்த மாசம் அது படுத்தா, அதுவரைக்கும் மிச்சம் பிடிச்ச பெட்ரோல் காசெல்லாம் அங்க போயிடும்.

"அப்ப எலெக்ட்ரிக் பைக்கே வந்திருக்கே"ம்பீங்க. வந்திருக்கு. 2019ல ரிவோல்ட், 2022 நவம்பர்ல அல்ட்ராவயலெட் எஃப்77, 2025ல ஓலா ரோட்ஸ்டர். நம்ம திருவொற்றியூர் புல்லட் கம்பெனி கூட 2024 நவம்பர்ல ஃபிளையிங் ஃபிளீன்னு ஒரு கரண்டு பைக்கைக் காட்டிச்சு. பெரிய பேட்டரி போட்டதுல என் தூரம் தாராளமா போகும். ஆனா அதோட விலை என் சம்பளத்தைத் தாண்டிப் போகும் :) தவிர, கட்டுப்படியாகற விலையில இருக்கறதுக்கு எல்லாம் சர்வீஸ் எவ்வளவு பக்கத்துல இருக்குன்னு பாக்கணும். தினமும் எண்பது கிலோமீட்டர் ஓடறவனுக்கு ஒரு வாரம் வண்டி இல்லன்னா வேலையே ஆட்டம் காணும்.

பெட்ரோல் பைக் எனக்கு மாசம் முப்பத்தாறு லிட்டர் குடிக்குது. லிட்டர் நூறு ரூபான்னு வச்சாலும் 3,600. வலிக்கத்தான் செய்யுது. ஆனா எந்த ஊர்ல நின்னாலும் ஒரு மெக்கானிக் கிடைப்பார், அஞ்சு நிமிஷத்துல டேங்க் ரொம்பிடும். என் ரோட்டுக்கு இதுதான் சரி.

அப்பா கணக்கு

இப்ப அப்பாவைப் பாருங்க. நாளைக்கு இருபது கிலோமீட்டர், அதுவும் துண்டு துண்டா. ஒரு கிலோமீட்டர் போய் ஒரு வீட்டுல நிப்பாட்டி, அங்கேர்ந்து அரை கிலோமீட்டர். பெட்ரோல் இன்ஜினுக்கு இது பிடிக்காத ஓட்டம். சூடாகறதுக்குள்ள நிறுத்திடறோம். குளிர்ந்த இன்ஜின் அதிகமாக் குடிக்கும், நின்னு நின்னு போறப்ப இன்னும் கொஞ்சம். மோட்டாருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. நின்னா செலவில்ல. பிரேக் பிடிக்கறப்ப கொஞ்சம் கரண்டைத் திருப்பி பேட்டரிக்கே அனுப்பற வசதியும் நிறைய வண்டியில இருக்கு. அதாவது எந்த ரோட்டுல பெட்ரோல் வண்டி மோசமா ஓடுதோ, அங்க கரண்டு வண்டி நல்லா ஓடும்.

ரூபாயில சொன்னா, ரெண்டு மாசத்துக்கு 1,200 கிலோமீட்டர். எக்ஸ்.எல். ஐம்பத்தஞ்சு குடுத்தா இருபத்திரெண்டு லிட்டர், 2,200 ரூபா. கரண்டு வண்டிக்கு சுமார் 45 யூனிட். 2024 ஜூலையில வந்த வீட்டுக் கட்டணத்துல 400 யூனிட் வரைக்கும் இருக்கற ரூ.4.80ஐ முழுசா வச்சாலும் 216 ரூபா. கைத்தறி நெசவாளர் வீட்டுக்கு 2023 மார்ச்லேர்ந்து ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் இலவசம்னு ஆனதுலேர்ந்து எங்க தெருவுல கரண்டு பில்லே பெரிசா வர்றதில்ல. ஆனா ஏ.சி., மோட்டார்னு வச்சிருக்கறவங்க ஒண்ணு கவனிக்கணும். ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினா கணக்கு மேல் படிக்கு ஏறிடும். 501லேர்ந்து 600 வரை அதே கட்டணத்துல யூனிட் ரூ.8.55. அப்பவும் பெட்ரோலை விட மலிவுதான், ஆனா விளம்பரத்துல சொல்ற அளவுக்கு இல்ல.

வருஷத்துக்குப் பன்னெண்டாயிரம் ரூபா மிச்சம். ஒரு நெசவாளர் குடும்பத்துல அது சின்ன காசு இல்லீங்க. தறியில தினமும் மிதிச்சு மிதிச்சு அப்பாவுக்கு முட்டி போயாச்சு. கியர் இல்ல, கிக்கர் இல்ல, அதிர்வு இல்ல. முன்னாடி காலை நீட்டி வச்சுக்கலாம். பின்னால போக ரிவர்ஸ் இருக்கறதால சந்துக்குள்ள வண்டியைத் திருப்ப யாரையும் கூப்பிட வேணாம். ஒரே குறை, எடை. எக்ஸ்.எல். தொண்ணூறு கிலோவுக்கு உள்ள. இது நூத்திப்பத்துக்கு மேல. சென்டர் ஸ்டாண்டு போடறப்ப அவர் முகம் சுருங்கும். சைடு ஸ்டாண்டுலயே நிறுத்திக்கறார். வயசானவங்களுக்கு வாங்கறவங்க, அவங்களையே கடைக்குக் கூட்டிட்டுப் போய் ஸ்டாண்டு போடச் சொல்லிப் பாத்துட்டு வாங்குங்க. நீங்க போட்டுப் பாத்து பிரயோசனமில்ல.

சென்னையில ஃபிளாட்ல இருக்கற என் ஃபிரண்ட்ஸ் கதை வேற. பார்க்கிங்ல பிளக் போடறதுக்கு அசோசியேஷன்ல மூணு மீட்டிங், யார் மீட்டர்ல கணக்குன்னு நாலாவது மீட்டிங். இங்க சொந்த வாசல், சொந்த மீட்டர், தரைத்தளம். கரண்டு வண்டிக்கு வேணும்கற எல்லாம் நம்ம வீடுகள்ல ஏற்கனவே இருக்கு.

அம்மா கேட்ட கேள்வி

இவ்வளவு கணக்கும் போட்டு முடிச்சப்புறம் அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "வேலூர்ல நடந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

இருக்கு. நம்ம பக்கத்துல யாரும் மறக்கல. 2022 மார்ச் கடைசியில வேலூர் சின்ன அல்லாபுரத்துல, ராத்திரி சார்ஜுக்குப் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எரிஞ்சு, புகையில மூச்சு முட்டி ஒரு அப்பாவும் பள்ளிக்கூடம் படிக்கிற அவர் பொண்ணும் இறந்து போனாங்க. அதே சமயத்துல நாட்டுல வேற இடங்கள்லயும் வண்டிங்க எரிஞ்சுது. அந்த ஏப்ரல்ல கம்பெனிங்க ஆயிரக்கணக்குல வண்டியைத் திரும்ப வாங்கிச் சோதிச்சாங்க.

இந்தக் கேள்வியை "அதெல்லாம் எப்பவோ ஒண்ணு நடக்கறது"ன்னு தள்ளிட முடியாது. எங்க வீட்டு முன் அறைதான் தறிக்கூடம். அங்க பட்டு நூல் இருக்கு, பாவு இருக்கு, அடுத்தவங்க முதல் போட்ட சேலை இருக்கு. பின்னால நாங்க தூங்கறோம். வெளிய வர ஒரே வாசல். நம்ம தெருவுல பாதி வீடு இப்படி நீளமான ரயில் பெட்டி மாதிரிதான். திருட்டு பயத்துல ராத்திரி வண்டியை உள்ள ஏத்தி, அந்த வாசலை அடைச்ச மாதிரி நிறுத்தறது வழக்கம். பெட்ரோல் வண்டிக்கே அது ஆபத்து. சார்ஜ் ஏறிட்டிருக்கற வண்டிக்கு அப்படி ஒரு இடத்தைக் குடுக்கவே கூடாது.

அதுக்குப் பதில் கரண்டு வண்டியே வேணாம்னு சொல்றது இல்லன்னு நான் நினைக்கறேன். ரெண்டு விஷயம் இருக்கு.

ஒண்ணு, வண்டி. அந்தச் சம்பவங்களுக்கு அப்புறம் பேட்டரிக்கான விதியை (ஏ.ஐ.எஸ். 156) மத்திய அரசு இறுக்கிச்சு. 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31ன்னு ரெண்டு கட்டமா அமலுக்கு வந்துச்சு. செல்களுக்கு நடுவுல இடைவெளி, தண்ணி புகாத உறை, உள்ள சூடு எல்லை மீறினா ஒலியும் வெளிச்சமுமா எச்சரிக்கை, இதெல்லாம் கட்டாயம். அதனால செகண்ட் ஹேண்டுல மலிவா வருதேன்னு 2023 ஏப்ரலுக்கு முன்னால தயாரான கரண்டு வண்டியை வாங்காதீங்க. ஆர்.சி.யில தயாரிச்ச மாசம், வருஷம் இருக்கும். அதைப் பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. "லைசென்ஸ் வேணாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேணாம்"னு விக்கற வண்டி இன்னொரு ரகம். மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ள, 250 வாட்டுக்குள்ள இருந்தாத்தான் அந்த விலக்கு. வாங்கினப்புறம் வேகத்தை ஏத்தித் தர்றேன்னு யாராவது சொன்னா ஓடி வந்துடுங்க.

இன்னொண்ணு, வீடு. வண்டியோட வர்ற சார்ஜர் அதிகமா ஒண்ணும் இழுக்காது. நிறைய வண்டியில ஒரு மிக்ஸி அளவுதான். ஆனா மிக்ஸி ஓடறது அஞ்சு நிமிஷம், இது ஓடறது நாலஞ்சு மணி நேரம். லூசான பழைய சாக்கெட், எர்த் இல்லாத வயரிங், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்னு இருந்தா அந்த நாலு மணி நேரமும் அது சூடாகிட்டே இருக்கும். வண்டி வாங்கற பட்ஜெட்லேர்ந்தே எடுத்து வாசல் திண்ணைக்கு மேல தனி வயர் இழுத்து, 16 ஆம்பியர் சாக்கெட், எர்த், தனி பிரேக்கர், ஷாக் அடிச்சா கட் ஆகற ஆர்.சி.சி.பி. எல்லாம் போட்டோம். சீட் கவர், கிராஷ் கார்டு எதுவும் வாங்கல. எனக்குத் தெரிஞ்சு கரண்டு வண்டியோட முதல் ஆக்சஸரி அந்தப் பிளக்தான்.

எங்க வீட்டு விதி ரெண்டே ரெண்டு. வண்டி சார்ஜ் ஆகறது வெளிய, வாசலை அடைக்காத பக்கம். அதுவும் ஆள் முழிச்சிருக்கறப்ப மட்டும்.

இங்கதான் அப்பா ஜெயிக்கறாரு. ஆபீஸ் போற நான் கரண்டு வண்டி வாங்கியிருந்தா ராத்திரி தூங்கறப்பதான் சார்ஜ் போட முடியும். அப்பா பகல் முழுக்க வீட்டுல, வாசலுக்கு நேரா தறியில உக்காந்திருக்கார். காலை ரவுண்டு முடிச்சு பத்து மணிக்கு வந்து பிளக் போட்டார்னா, கண்ணு முன்னால வண்டி நிக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள கழட்டிடலாம். இருபது கிலோமீட்டருக்குத் தினமும் போடணும்னு கூட அவசியமில்ல. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை போதும். கரண்டு வண்டி பகல்ல வீட்டுல இருக்கறவங்க வண்டி. நெசவாளர், மளிகைக் கடைக்காரர், டெய்லர், பக்கத்துத் தெரு அங்கன்வாடி டீச்சர், இவங்களோடது. எந்த விளம்பரத்துலயாவது இவங்களைப் பாத்திருக்கீங்களா?

சப்சிடியை நம்பிக் கணக்குப் போடாதீங்க

மத்திய அரசு மானியம் ஏறி இறங்கின கதையைப் பாருங்க. 2021 ஜூன்ல கிலோவாட்-அவருக்கு 15,000ன்னு ஏத்தினாங்க. 2023 ஜூன் 1ல அதைப் பத்தாயிரம் ஆக்கி, விலையில 15 சதவீதத்துக்கு மேல கிடையாதுன்னாங்க. ஒரே ராத்திரியில வண்டி விலை எகிறிச்சு. 2024 ஏப்ரல்ல இன்னொரு திட்டம், அக்டோபர்ல பி.எம். இ-டிரைவ்னு வேறொண்ணு, அதுல ஐயாயிரம். 2025 ஏப்ரல்ல அதுவும் பாதி. தமிழ்நாட்டு அரசோட 2023 மின்வாகனக் கொள்கை சாலை வரி விலக்குக்கு 2025 டிசம்பர் 31ன்னு தேதி போட்டுத்தான் வந்துச்சு. நடுவுல 2025 செப்டம்பர் 22லேர்ந்து 350 சி.சி. வரைக்குமான பெட்ரோல் வண்டிக்கு ஜி.எஸ்.டி. 28லேர்ந்து 18 ஆச்சு. கரண்டு வண்டிக்கு 2019 ஆகஸ்ட்லேர்ந்து 5 சதவீதம்.

அதனால வாங்கற அன்னிக்கு ஆன்-ரோடு விலை என்னவோ அதை வச்சு மட்டும் முடிவு பண்ணுங்க. போன வருஷம் மாமா வாங்கின விலை, அடுத்த பட்ஜெட்ல வரப்போற விலை ரெண்டும் நமக்கு வேணாம். விலை வித்தியாசத்தை வருஷ மிச்சத்தால வகுத்துப் பாருங்க. நாலு வருஷத்துக்குள்ள திரும்பி வந்தா வாங்கலாம். வரலன்னா உங்க ஓட்டம் பத்தல. தினமும் அஞ்சு கிலோமீட்டர் மட்டும் ஓட்டறவருக்குப் பழைய வண்டியே லாபம். இதைச் சொன்னா கடைக்காரருக்குக் கோவம் வரும்.

மெக்கானிக் அண்ணன்

எக்ஸ்.எல்.ல என்ன கோளாறுன்னாலும் தெருக்கோடி மெக்கானிக் அண்ணன் சத்தத்தை வச்சே சொல்லிடுவார். கரண்டு வண்டி சத்தமே போடாது, அவர் என்ன பண்ணுவார்? பிரேக், டயர், பேரிங், சஸ்பென்ஷன் வரைக்கும் அவரால முடியும். மோட்டாரை ஓட்டற கன்ட்ரோலர், பேட்டரியைக் கவனிக்கற பி.எம்.எஸ். ரெண்டும் கம்பெனியோட சாஃப்ட்வேருக்குள்ள பூட்டி இருக்கு. பொட்டி தட்டறவன்ங்கற முறையில சொல்றேன், பாதுகாப்புக்காகச் சிலதைப் பூட்டறது நியாயம். என்ன எரர்னு கூட வெளிய தெரியாமப் பூட்டறது நியாயம் இல்ல. எங்க வண்டி மூணாவது மாசம் ஒரு நாள் காலையில கிளம்பல. சர்வீஸ்காரர் வந்து லேப்டாப்பைச் செருகி, அப்டேட் போட்டு, பதினஞ்சு நிமிஷத்துல முடிச்சார். ஆனா அவர் வர நாலு நாள் ஆச்சு. அந்த நாலு நாளும் பாவைத் தூக்கிட்டுப் போனது பழைய எக்ஸ்.எல். தான். (அதை விக்காம வச்சிருந்தோம்.)

இதுல கொடுமை என்னன்னா, இந்த வண்டிங்க எல்லாம் ஏதோ தூர தேசத்துலேர்ந்து வர்றதில்ல. ஆரணிக்கு வடக்க ராணிப்பேட்டையில 2021 நவம்பர்ல ஆம்பியர் கம்பெனி ஆலை திறந்தாங்க. இங்கேர்ந்து நாப்பது கிலோமீட்டருக்குள்ளதான். மேற்க கிருஷ்ணகிரி மாவட்டத்துல, ஓசூர்ல டி.வி.எஸ்.சும் ஏத்தரும், போச்சம்பள்ளியில ஓலாவும் இருக்கு. ஏத்தர் ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல படிச்ச ரெண்டு பேர் 2013ல ஆரம்பிச்சது. நம்ம மாவட்டத்தைச் சுத்தி இத்தனை ஆலை. ஆனா அதை ரிப்பேர் பண்ணத் தெரிஞ்ச ஆள் தாலுகாவுக்கு நாலு பேர் இருந்தாப் பெரிசு. நம்ம ஐ.டி.ஐ.ல படிக்கற பசங்களுக்கும், இருபது வருஷமா ஸ்பேனர் பிடிச்ச அண்ணன்களுக்கும் அந்தக் கம்பெனிங்க ஒரு மாசம் பயிற்சி குடுத்தா ரெண்டு பேருக்கும் லாபம். இல்லன்னா அண்ணன் தொழில் போகும், நம்ம வண்டி வெயிட்டிங்ல நிக்கும்.

ஓட்டறவங்களுக்கு

கரண்டு வண்டிக்குச் சத்தம் இல்லங்கறது சிட்டியில பெருமை. நம்ம தெருவுல அது பிரச்சனை. காலையில தெரு நீளத்துக்குப் பாவு விரிச்சு நாலு பேர் குனிஞ்சு வேலை பாத்துட்டு இருப்பாங்க. பின்னால வண்டி வர்றது காதுல விழாது. ஹாரன் அடிச்சுட்டு மெதுவாப் போகணும். அப்பா வாயாலயே "வர்றேன், வர்றேன்"னு கத்திட்டுப் போறார் :) அப்புறம், மோட்டாருக்கு முழு இழுவையும் முதல் நொடியிலயே வரும். எக்ஸ்.எல். பழக்கத்துல முறுக்கினா வண்டி தாவும். முதல் ஒரு வாரம் ஈகோ மோடுலயே ஓட்டச் சொல்லுங்க, மழைநாள்ல எப்பவுமே.

பெட்ரோல் பைக் எடுத்து வெளியூர் ரோட்டுல ஓட்டறவங்க பிரேக்கைப் பாருங்க. 2019 ஏப்ரல்ல வந்த விதிப்படி 125 சி.சி.க்கு மேல ஏ.பி.எஸ். கட்டாயம், அதுவரைக்கும் ரெண்டு சக்கரத்தையும் சேத்துப் பிடிக்கற சி.பி.எஸ். போதும். 125லயே ஏ.பி.எஸ். கிடைச்சா, பத்து சி.சி. கூடுதல் பவருக்குக் காசைப் போடறதை விட அதுல போடுங்க. அறுவடைக் காலத்துல நம்ம பக்கம் ரோட்டுல பாதி நெல் காயும். ராத்திரி பின்னால லைட் இல்லாத கரும்பு டிராக்டர் போகும். அங்க மைலேஜ் காப்பாத்தாது.

கடைசியா

1980ல ஓசூர்லேர்ந்து டி.வி.எஸ். 50 வந்தப்ப யாரும் அதை ஸ்டைலுக்கு வாங்கல. பால்கேன், அரிசி மூட்டை, பாவு, காய்கறிக் கூடைன்னு ஏத்திட்டுப் போக வாங்கினாங்க. இன்னிக்கும் அதோட வாரிசு எக்ஸ்.எல். நம்ம ஊரைச் சுமக்குது. கரண்டு வண்டியும் அந்த வழியாத்தான் வரணும். களம்பூர் அரிசி மூட்டையை முன்னால வச்சு ஓட்ட எங்க வீட்டு ஸ்கூட்டரால முடியாது. 2024 பிப்ரவரியில கைனடிக்காரங்க இறக்கின ஈ-லூனா அந்த மாதிரி ஒரு முயற்சி. ரெண்டு யூனிட் பேட்டரி, ஐம்பது கிலோமீட்டர் வேகம், 150 கிலோ சுமை. இந்த மாதிரி இன்னும் நாலு கம்பெனி செய்யட்டும். பத்து நொடியில நூறு தொடற பைக்கை விட, நூறு கிலோவை ஏத்திட்டு பத்து வருஷம் ஓடற மொபெட்தான் நமக்கு வேணும்.

அதுவரைக்கும், யாராவது "எவ்ளோ குடுக்குது?"ன்னு கேட்டா, பதில் சொல்லாதீங்க. "உங்க வீட்டுல பிளக் எங்க இருக்கு, பகல்ல யார் வீட்டுல இருக்காங்க?"ன்னு திருப்பிக் கேளுங்க. அவங்களுக்கு எந்த வண்டின்னு அந்தப் பதில்லயே தெரிஞ்சிடும்.